ஒன்பது தட்டு

பெங்களூரில் வீடியோ கேசட்டுகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நல்ல வெயில் காலத்தில்கூடச் சாயங்காலமானால் ஒரு மழை வந்துவிடும். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு தரைத்தளம். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். பீரோவில் வைத்துப் பார்த்தேன், அரிசி டிரம்மில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படாமல்தான் அந்த அறையைக் கட்டினேன்.

என் தொழிலும் அதுதான். சிவாஜிநகர் கறிக்கடைகளின் குளிர் அறைகளை இருபத்திரண்டு வருடமாகப் பழுது பார்க்கிறேன். ஒரு கடையை மூடியபோது அவர்களுடைய குளிர் அறைப் பலகைகளையும் கதவையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வீட்டின் பின்கட்டில் எட்டுக்கு ஆறடியில் பொருத்தினேன். எப்போதும் பன்னிரண்டு டிகிரி. கதவு நான்கு அங்குலக் கனம். வெளியே கைப்பிடி இருக்கிறது. உள்ளேயிருந்து தள்ளித் திறக்கிற குமிழ் மட்டும் வாங்கும்போதே உடைந்திருந்தது. "பாய், மொதல்ல அந்த உள்குமிழ மாத்துங்க, ஆள் மாட்டிக்கினா போச்சு" என்று கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் நான். என் வீட்டில் மாற்றவில்லை. அதை என் முதல் தப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரஞ்சனி என்கிற பெண் அந்த அறைக்குள் எப்படிச் செத்தாள் என்று மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். அதை மட்டும் எழுதினால் என்னைப் பைத்தியம் என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பைத்தியம் இல்லை. கோபம்தான் இருந்தது. அது நியாயமான கோபம் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

'நூறாவது தளம்' என்ற தொடரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்ணூற்று மூன்றில், ஞாயிறு காலை பத்தரைக்கு, இருபத்தாறு வாரம் வந்தது. காற்றே இல்லாத ஒரு கிரகம். மேலே பிழைக்க முடியாது என்று ஜனங்கள் தரைக்கடியில் நூறு தளம் தோண்டிக் குடியிருக்கிறார்கள். அட்டையும் தகரமும் வைத்துப் போட்ட செட். கதாநாயகி கேப்டன் திலகா மாட்டியிருந்தது ஸ்கூட்டர் ஹெல்மெட் என்று எங்களுக்கே தெரியும். ஆனால் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதை எழுதிய ஆரோக்கியநாதன் எங்கள் கோலார் தங்கவயல்காரர், எங்கள் லைன் வீடுகளுக்கு அடுத்த லைன். அந்தக் கிரகம் எது என்று அவர் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். எண்பத்திரண்டில் பாறை வெடித்துச் சரிந்து அவரும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஷிஃப்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டிக்கொண்டவன் காற்றுக் குழாயில் ஒன்பது தட்டு தட்டவேண்டும். ஐந்து, ஒரு மூச்சு விடுகிற நேரம், பிறகு நான்கு. பாறை தானாக விழுகிற சத்தம் அப்படி வராது, மனிதன் மட்டும்தான் எண்ணித் தட்டுவான். அதைக் கேட்டவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். உள்ளே இருப்பது யார், அவனுக்கும் நமக்கும் என்ன சண்டை என்றெல்லாம் கேட்கக் கூடாது. அப்பா முப்பத்தோரு மணி நேரம் தட்டினார். தோண்டி எடுத்துவிட்டார்கள்.

ஆரோக்கியநாதன் அதை அப்படியே தொடரில் வைத்தார். மூன்றாவது வாரம், திலகாவைக் கொல்ல வந்த எதிரிகள் ஒரு தளத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து ஒன்பது தட்டு கேட்கிறது. திறக்காதே என்று அவளுடைய ஆட்களே கையைப் பிடிக்கிறார்கள். "தட்டினால் திறப்போம்" என்கிறாள், திறக்கிறாள். அவ்வளவுதான் வசனம். எங்கள் லைனில் ஒரே டிவி, அதன் முன்னால் நாற்பது பேர். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "டேய் குணா, இது நம்ம தட்டுடா" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த வருடமே பாறைத்தூள் அவர் நெஞ்சை அடைத்தது. கடைசி ஆறு மாதம் ராத்திரியும் பகலும் உட்கார்ந்தபடியேதான் மூச்சுவிட்டார். மூச்சுக்குத் திணறுகிறவர்களின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இதைப் பின்னால் மறுக்க முடியாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆரோக்கியநாதன் வீட்டில் பதிந்து வைத்திருந்த இருபத்தாறு கேசட்டும் அவர் சாவுக்குப் பிறகு என்னிடம் வந்தன. வேறு பிரதி எங்கும் இல்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனிக்காரர்கள் இந்தத் தொடரைப் புதுசாக எடுக்கப்போகிறோம் என்று தேடிக்கொண்டு வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று என் மனைவி பிரபாவைக் கேளுங்கள். பத்து கேசட்டுகளை நகலெடுக்கக் கொடுத்தேன். அதோடு நான் பதினெட்டு வருடமாக எழுதிவைத்த நோட்டின் ஜெராக்ஸும் கொடுத்தேன், இருநூற்றுப் பதினான்கு பக்கம். முதல் பக்கம் ஒன்பது தட்டைப் பற்றியது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

புதுத் தொடர் போன மார்ச்சில் ஆப்பில் வந்தது. எட்டு பாகம். பணத்தை வாரி இறைத்திருந்தார்கள், கிரகம் ஜொலித்தது. மூன்றாவது பாகத்தில் பதினோரு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து படபடவென்று மூன்று தட்டு. மூன்று, மேடம். யாரோ பால்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி. திலகா கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாள். அவள் முகத்தை ரொம்ப நேரம் காட்டுகிறார்கள். பிறகு திரும்பி நடந்து போய்விடுகிறாள். பதினோரு பேரும் செத்துப்போகிறார்கள். கடைசியில் எழுத்து என்று ஸ்ரீரஞ்சனியின் பெயர் வந்தது.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ரசிகர் குழுவில் நூற்றெட்டுப் பேர். அதில் பாதிப்பேர் 'செம விஷுவல்' என்று எழுதினார்கள். பத்திரிகைகளில் திலகா இப்போதுதான் நிஜ மனுஷியாகியிருக்கிறாள் என்று பாராட்டு. என் அப்பா நிஜ மனுஷன் இல்லையா? அவரைத் தோண்டி எடுத்தவர்கள் எல்லாரும் அட்டை பொம்மைகளா? பிரபா சொன்னாள்: "இன்னாய்யா இது, ஒரு டிவி நாடகத்துக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு. பாக்கப் புடிக்கலன்னா ஆஃப் பண்ணு." நல்ல பெண்தான். அவளும் தங்கவயல்தான், மாரிக்குப்பம், ஆனால் அவள் அப்பா ஆபீஸ் வேலை.

ஸ்ரீரஞ்சனிக்கு நாற்பத்தோரு மெயில் போட்டேன். எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள், ஒன்றில்கூட மரியாதைக் குறைவான வார்த்தை இருக்காது. நாற்பத்தொன்றாவதுக்குப் பதில் வந்தது. இரண்டாவது சீசன் எழுதுவதாகவும், பத்தொன்பதாவது கேசட்டைப் பார்க்கவேண்டும் என்றும், அப்படியே என்னிடம் நேரில் பேச ஆசை என்றும் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். பிரபா சனிக்கிழமையே அவள் அக்கா வீட்டுக்கு மாரிக்குப்பம் ரயில் ஏறிவிட்டாள். இதைத் திட்டம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். தொடர் ஞாயிறு பத்தரைக்கு வரும் என்பதால்தான் அந்த நேரம் சொன்னேன்.

சரியாகப் பத்தரைக்கு ஆட்டோவில் வந்தாள். முப்பது வயசு இருக்காது, ஈரோட்டுப் பக்கம். எனக்கு ஒரு டி-ஷர்ட் கொண்டுவந்தாள். அதில் புதுத் திலகாவின் முகம். வாங்கி மடித்து வைத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். நிஜமாகவே பேசத்தான் வந்திருந்தாள், அதைச் சொல்லியாகவேண்டும்.

"உங்க மெயில் எல்லாம் படிச்சனுங்க சார். கோபம் எனக்குப் புரியுது" என்றாள்.

"கோபம் இருக்கட்டும்மா. திலகா ஏன் தெறக்கல?"

காபியைக் கீழே வைத்தாள். "எல்லாரும் திறந்துடுவாங்களா சார்? நல்லவங்கதான், ஆனா அந்த நேரத்துல திறக்காம நின்னுடறாங்க. அப்புறம் அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சுக்குவாங்க. அப்படி ஒருத்தியை எழுதணும்னு தோணுச்சுங்க."

"எங்க ஊர்ல தெறப்பாங்க" என்றேன். "நோட்டுல மொதப் பக்கத்துலயே எழுதியிருந்தனே. படிச்சியா?"

"முழுசாப் படிச்சனுங்க சார்" என்றாள்.

நான் நம்பவில்லை. படித்தவள் மூன்று தட்டு என்று எழுதுவாளா?

கேசட் அறைக்குள் போகிற யாரும் செருப்பு, பை, போன் மூன்றையும் வெளியே வைத்துவிட வேண்டும் என்பது என் வீட்டு வழக்கம். போனுக்குள் காந்தம் இருக்கிறது, கேசட்டுக்கு ஆகாது. அவள் எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்தொன்பதாவது கேசட் எந்த அலமாரித் தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். முந்தாநாள் நான் சொன்னது அவ்வளவுதான். இன்று திருத்துகிறேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, கைப்பிடியைத் திருகி இறுக்கியது நான். மணி பதினொன்றே கால்.

அவளுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. சரியாகத் தட்டவேண்டும், நான் திறக்கவேண்டும், அவ்வளவே. ஒரு தடவை உள்ளே இருந்து தட்டிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். பதினோரு பேரைச் சாகவிட்டு எழுதியவளுக்கு ஐந்து நிமிடம் அதிகமில்லை என்று நினைத்தேன்.

முதலில் உள்ளங்கையால் அடித்தாள். நான்கு அங்குலக் கதவில் அது துணி துவைக்கிற சத்தம் மாதிரி கேட்டது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கதவில் வைத்துக் காதைக் கொடுத்தேன். சார், சார் என்று கூப்பிட்டாள். பிறகு மூன்று தட்டு. அவள் தொடரில் வருகிற அதே மூன்று. கதவோடு வாயை வைத்துக் கத்தினேன்: "ஒழுங்கா தட்டும்மா. மொதப் பக்கம். சரியாத் தட்டினா தெறக்கறேன்." காதில் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் சத்தம் நின்றது, யோசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பிறகு வந்தது இருமல்.

ஸ்டூலில் அவள் போன் அடித்தது. அதன் வெளிச்சம் திறந்திருந்த பைக்குள் விழுந்ததில் ஒரு நீல இன்ஹேலர் தெரிந்தது. அப்பா வைத்திருந்த மாதிரியே. அதை எடுத்து, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற மாதிரி மேஜையின் ஓரத்தில் வைத்தேன். நீங்கள் வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. அவளைக் கொல்ல நினைத்திருந்தால் நான் ஏன் அதை எடுத்து வைக்கவேண்டும்?

ஒரு மணிக்குப் பிரபா வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டேன். டம்ளரைக் கதவிலிருந்து எடுக்கவில்லை, இடது கையால் பிடித்துக்கொண்டேன். இருமல் குறைந்து, அந்த இழுப்புச் சத்தம் வந்தது. கைப்பிடியில் ஒரு தடவை கை வைத்தேன். பிறகு அந்த டி-ஷர்ட்டைப் பார்த்தேன், கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு மணி வாக்கில் அவள் தட்டினாள். கையால் இல்லை, கேசட் பெட்டியின் முனையால். நான் எண்ணினேன். ஐந்து. ஒரு மூச்சு, அவளுக்கு அந்த மூச்சு ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வந்தது. பிறகு நான்கு.

அவள் நோட்டைப் படித்திருந்தாள், மேடம். பொய் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் இரும்பிலும் தகரத்திலும் நானேதான் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். இன்னொரு மனிதர் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்காகத் தட்டிக் கேட்டதே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து அப்பாவைப் போலவே எழுந்து நின்றுவிட்டேன். கண்ணீர் வந்தது. அவள்மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது என்று சத்தியம் செய்வேன்.

ஏன் அப்போதே திறக்கவில்லை என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை மறுபடி கேட்கவேண்டும் போல இருந்தது. அதனால் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து மறுபடி தட்டினாள். ஐந்து. நீண்ட மூச்சு. பிறகு இரண்டு. மீதிக்காகச் சாயங்காலம்வரை டம்ளரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மதியம் உங்களுக்குப் போன் செய்தது நான்தான்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் எழுதிய அந்தத் திலகாவோடு மட்டும் என்னைச் சேர்த்துப் பேசாதீர்கள். அந்தத் திலகா கேட்டுவிட்டுத் திரும்பி நடந்துபோனவள். நான் கதவை விட்டு எங்கும் போகவில்லை. அந்த மீதி இரண்டையும் தட்டியிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன்.