வலது ஓரம் தைத்த கட்டு

இரவு ஒரு மணி. சக்காரிதா கல்லறைச் சுவரை ஒட்டிய தெருவில் ஈ காக்கை இல்லை. பெர்லா மட்டும், கையில் ஒரு பெட்டியோடு...

ஃபானி கதையை அங்கே நிறுத்தி, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை ஓர் உறிஞ்சு உறிஞ்சி, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் அடுத்தவளிடம் நீட்டினாள். ஊரெங்கும் மின்சாரம் இல்லை. ஒரே மெழுகுவர்த்தி. பெர்லா, ஃபானியின் தோழிக்கு நாத்தனார்.

பெட்டியில் இருந்தவை பெர்லாவின் பெரியம்மா மல்கேயின் காகிதங்கள். போலந்திலிருந்து கப்பலேறி இந்த புவெனஸ் ஐரிஸுக்கு வந்தவள். பகலில் தையல், மாலையில் தொழிற்சங்கக் கூட்டம், ராத்திரியில் எழுத்து. எல்லாம் யூதர்களின் இத்திஷ் மொழியில். எழுதியதைத் தானே ஊசி நூலால் தைத்துக் கட்டி வைப்பாள். அவள் செத்த கொஞ்ச நாளில் ராணுவ ஆட்சி வந்தது. இப்படி ஒரு தாள் அகப்பட்டாலும் வீட்டோடு அள்ளிப் போவார்கள்.

"உன் பெரியம்மாவுக்கு இனிமே என்ன பயம்? நம்ம பையன நினைச்சுப் பாரு," என்றான் கணவன் சாலோ.

பெர்லாவுக்கு அந்த எழுத்து தெரியாது. அழவும் தெம்பில்லை. அவளும் தையற்காரிதான். இதே முதுகுவலியோடு பெரியம்மா எப்படி எழுத உட்கார்ந்தாள் என்று மட்டும் நினைத்தாள்.

தண்டவாளத்தருகே தகர டின்னில் தீ மூட்டினாள். பள்ளியில் பழகியபடி தையல் இடப்பக்கம் வரக் கட்டைத் திருப்பி, மேலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டாள். அடியில் இருந்ததை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. கடைசி வார்த்தையாவது இருக்கட்டும்...

திரும்பி வரும்போது, பின்னால் சத்தம். டக்... டக்... டக்... காலால் மிதிக்கும் தையல் மெஷின். மெஷின் எண்ணெய் வாசனை. திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அதன்பின், தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இல்லை.

"ராத்திரி ஷிப்ட்டு வேற போறியா?" என்று கிண்டல் செய்தான் சாலோ.

ஒருநாள் அந்தத் தாளை மாமியாரிடம் காட்டினாள். மாமியார் பெருமூச்சு விட்டாள்.

"நம்ம எழுத்து வலப்பக்கத்துலேர்ந்து போகும்டி. தையலும் வலப்பக்கந்தான் இருக்கணும். இது முதல் தாள். ஆரம்பத்த வச்சுக்கிட்டு மிச்சத்த எரிச்சிருக்க." கையை நீட்டினாள். "சரி, அடுத்தத குடு."

"ஒண்ணுதான் வச்சிருந்தேன்."

"இங்க பாரு, முதல் தாளோட பின்பக்கம் வாக்கியம் பாதியில நிக்குது. பெட்டியில பாரு."

காலியாகத்தான் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். இழுத்தாள்... கனத்தது. உள்ளே, துணி வெட்ட அவள் வைத்திருந்த மாதிரிக் காகிதங்கள். நெருக்கமான எழுத்து. வலது ஓரம் தையல். மேல் தாளில் மை காயவில்லை.

அன்றைக்கே எரித்தாள். மறுவாரம் பெட்டி மறுபடி கனத்தது. மறுபடி எரித்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பையனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விடிந்தால் அவள் விரல்களில் மை இருக்கும். சோப்புக்குப் போகாது.

ஃபானி நிறுத்தினாள். குவளை யார் கையிலோ அப்படியே நின்றது.

"அவளுக்குத்தான் அந்த எழுத்தே தெரியாதே?" என்றாள் ஒருத்தி, மெல்ல.

"தெரியாது," என்றாள் ஃபானி. "இன்னைக்கும் தெரியாது."