நாளைய ஓட்டம் வேண்டாம், தோழர்களே!

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மாஸ்டரின் துணைவியார் அவர்களே, நேற்று முன்தினம் மராத்தான் ஓடிய காலோடு கைப்பிடியைப் பற்றிப் படியேறி வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஓட்டச் சங்கத்தின் பயிற்சியாளர், நாம் செல்லமாக ‘பிரேக் மாஸ்டர்’ என்று அழைத்த பெருமகனார் மறைந்துவிட்டார். ஓடக் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. உட்காரக் கற்றுக்கொடுத்தவர் எத்தனை பேர்?

திங்கட்கிழமை ஓய்வு நாள். அன்று மைதானத்துக்குச் செருப்போடு வந்து அரட்டை அடித்துவிட்டுப் போக வேண்டும், இது அவர் போட்ட சட்டம். ஒரு திங்களன்று நம் வழக்கறிஞர் யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரைப் பூங்காவுக்கு ஓடப் போனார். எதிரே பல் மருத்துவர் ஓடி வருகிறார்! பின்னால் அச்சகத் தம்பி! திருடனுக்குத் தேள் கொட்டியது போல மூவரும் விழித்தார்கள். பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்திருந்தது யார்? சாட்சாத் மாஸ்டர்!

“வாங்கப்பா, உக்காருங்க. கோபமெல்லாம் இல்ல, ஒரு சந்தேகம். ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புற இதயம், தனக்கு வேண்டியதை எப்போ வாங்கிக்குது?”

“பெரும்பாலும் ரெண்டு துடிப்புக்கு நடுவுல, தளர்ற நேரத்துல சார்” என்றார் பல் மருத்துவர்.

“அடடே! ஓயாம உழைக்குதுன்னு பேர் வாங்கினதே நடுவுல சாப்பிட்டுக்குது. நீங்க ஏன்யா பட்டினி கிடக்கிறீங்க?”

கடும் பயிற்சிக்கு அவர் எதிரியா? இல்லவே இல்லை! மேட்டுச் சாலையில் நாக்குத் தள்ள ஓடவிடுவார். மறுநாள் விடிந்ததும் தொலைபேசியில் கேட்பார்: “தூங்கினியா? எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாடி பார்த்தியா?” வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அன்று வெறும் நடைதான். உழைப்பு இதயத்தைக் கேள்வி கேட்கிறது, ஓய்வில்தான் அது பதில் எழுதுகிறது என்பார்.

எண்பத்து நான்கு வயதில் அவரைக் கொண்டுபோனது நிமோனியா. இதயம் கடைசிவரை நன்றாகவே உழைத்தது என்றார் மருத்துவர். ஓய்வு தந்த பரிசா, பரம்பரைச் சொத்தா? மாஸ்டர் இருந்தால், “ஒரே ஆளை வச்சு முடிவு கட்டாதே” என்று அதட்டியிருப்பார்.

தோழர்களே, நாளைக் காலை அவர் நினைவாக ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் என்று சற்றுமுன் இந்த மேடையில் அறிவித்தார்கள். முதல் பெயர் கொடுத்தவர் அச்சகத் தம்பி. தம்பி, போன மாதம் இதயம் தாளம் தப்பித் துடித்தது, மருத்துவர் ஓடவே கூடாது என்றார் என்று நம்மிடம் சொன்னதே நீங்கள்தானே? மராத்தானுக்குக்கூடப் போகாதவர், துக்கத்தில் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் பக்கத்தில் உங்கள் மனைவி அழுதுகொண்டிருப்பது மாஸ்டருக்காக மட்டுமா?

மாஸ்டரின் துணைவியார் என் காதில் சொன்னதை உரக்கவே சொல்கிறேன்: “அவரு போனது போதும். துணைக்கு இன்னொருத்தரை அனுப்பி வச்சுடாதீங்க.”

அவர் பணியைத் தொடர்வோம் என்கிறோம். அவர் பணி நம்மைத் தடுத்து நிறுத்துவதல்லவா! துணைத் தலைவர் என்ற முறையில் நாளைய ஓட்டத்தை நிறுத்துகிறேன். தம்பிக்கு மருத்துவர் அனுமதி தரும் நாளில், அவர் வேகத்துக்கே எல்லோரும் ஓடுவோம். சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள்.

தங்கச்சி, நீங்கள் உங்கள் கணவர் கையைத் தூக்கிவிடக் கூடாது. அவரே தூக்கட்டும். நாங்கள் காத்திருக்கிறோம், தம்பி.

தூக்கிவிட்டார்! மாஸ்டரே, இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.