காது கிழிந்த முகம்

ஹலோ... ஆங், ஜம்புலிங்கம்தான் பேசுறேன். சொல்லு விஷாலு... மேடை போட்டாச்சா? சாயங்காலம் மழ வரும்ன்றாங்க, தார்ப்பாய் கட்டச் சொல்லு... இன்னாது? புட்ச்சிட்டீங்களா? யார?

...ஆமா, ஆமா. போஸ்டர்ல நான் போட்ட படந்தான். வடக்கேருந்து பொட்டி தூக்கினு நம்ம பொழப்பப் புடுங்க வர்றவன்... அந்த ஆளே மாட்டிகினானா? கோவில்பதாகை பஸ் ஸ்டாப்லயா? ...சோக்குபா. கட்சி நேத்து வந்தது. அதுக்கு முன்னாடி பேப்பர்ல வருசக்கணக்கா கார்ட்டூன் போட்ட கை இது. அதான் மேடைக்கு மேடை சொல்றேன், என் வாய்ப்பேச்ச நம்பாதீங்க, நான் இழுக்குற கோட்ட நம்புங்கன்னு...

சரி, இன்னா பண்ணான் அவன்? ...போஸ்டரப் பாத்துகினு நின்னானா? நின்னா இன்னா? ...சிரிச்சானா? தனியாவா? தனியா நின்னுகினு, வுழுந்து வுழுந்து சிரிச்சானா...

ம்... ம்... தமிழ் பேசுறானா? ...நல்லாவே பேசுறானா. அப்புறம் இன்னாபா? ...கத்துகினு வந்துருப்பான்னு நீயே சொன்னா எப்டி? ...சரி சரி, கோச்சுக்காத. அடையாளம் சொல்லு. மூக்கு... ஆமா... முன்பல்லு சந்து... ஆமா ஆமா... காதா? காதுல இன்னா?

...வலது காது மடல் கிழிஞ்சிக்கீதா.

படத்துல கீற மாதிரியேவா? இல்லபா, நான் காதக் கிழிச்சுப் போடல... போடலன்றேன்ல... இரு. இங்க செவுத்துல ஒண்ணு ஒட்டிக்கீது. பாத்துச் சொல்றேன்...

...போட்டுக்கீறேன்.

டேய். அவன் மேல கை வெச்சீங்களா? ...கேட்டதுக்கு பதில் சொல்லு. ...வாய்லேருந்தா? எவ்ளோ ரத்தம்? ...டேய், அவன வுடுங்கடா. ஆள் தப்பு. ...மூஞ்சி ஒண்ணாதான் இருக்கும், ஆனா ஆள் தப்பு. வுட்டுட்டு மேடைக்கு வந்து சேருங்க... ஏன்னு என்னையே கேக்குறியா நீ?

...இல்ல, இல்ல. வண்டியில ஏத்தாத. மேடைக்கெல்லாம் இட்டுகினு வராத விஷாலு... ஜனங்க பாக்கணுமா? இன்னாத்தப் பாக்கணும்?

சரி, கேளு. அவன் பேரு அமல்ராஜ். ...எனக்கு எப்டித் தெரியுமா? பேப்பர் ஆபீசுல என் படத்துக்கெல்லாம் அச்சடிக்க பிளேட் எடுத்தவன்டா. மந்திரி மூஞ்சி கோவமா வேணும்னா, அவனத்தான் எதுர்ல உக்கார வெச்சு மொறைக்கச் சொல்லுவேன். பயந்த மூஞ்சி வேணும்னாலும் அவன்தான். அந்தக் காது அச்சு மிஷின்ல மாட்டிக் கிழிஞ்சப்போ சைக்கிள்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிகினு போனவன் நான்... ஆமா, இங்க ஆவடியிலயே பொறந்தவன். எனக்கு முன்னாடி பொறந்தவன். கட்சி ஆரம்பிச்ச அன்னிக்கு ஊட்டுக்கு வந்து 'இது வேணாம் மச்சான்'னான். அதோட பேச்சு வார்த்த இல்ல...

அவசரத்துல போட்டேன்டா அந்தப் படத்த. அவசரத்துல கைக்குப் பழகுன மூஞ்சிதான் வரும். நானே கவனிக்கல. அவன் பாத்தவொடனே கண்டுகினான். அதான் சிரிச்சான்.

...போலீசா? என் பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ...யாரும் மெரட்டிப் பேச வைக்கல. நானாத்தான் சொல்றேன், படம் தப்பு. ...ஆமா. நான்தான் சொன்னேன், வாய்ப்பேச்ச நம்பாதீங்கன்னு. அது கைதட்டுக்குச் சொன்னது விஷாலு...

போன அவன்கிட்ட குடு. ஒரு நிமிசம்... குடுறா...

மச்சான்? அமலு? ...நான்தான்டா... சிரிக்காத, பல்லெல்லாம் ரத்தம்ன்றானுங்க... இன்னா? ...படத்துல காது நல்லா வந்துக்கீதா? ...மச்சான், இப்போ அத்தப் பேசாத. நீ... அமலு?

விஷாலு, வண்டி சத்தம் கேக்குது. நிறுத்து. நான் வரேன், அங்கயே வரேன். எல்லார் எதுர்லயும் சொல்றேன்... ஹலோ? விஷாலு, பொட்டி தூக்கினு வந்தவன் ஒருத்தன் மூஞ்சியக்கூட நான் நின்னு பாத்ததில்லடா... ஹலோ... ஹலோ...