துவாதசித் தீர்த்தம்

ஏகாதசி விரதம் எனக்குப் பிடிக்கும். வயிறு காலியாக இருந்தால் தலை தெளிவாக இருக்கிறது. ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டில் நானும் தம்பி சுமந்தும் சிறுவயதிலிருந்தே சேர்ந்து விரதம் இருக்கிறோம். மறுநாள் துவாதசிக் காலையில் துளசித் தீர்த்தம் குடித்து முடிப்போம். நாங்கள் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். சில நிமிஷம் முந்திக்கொண்டதால் நான் அண்ணன். அவன் கையில் தீர்த்தம் விடுவது என் வேலை.

டாக்டர் ஓமனா, நான் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் படித்துத்தானே உங்கள் நெறிமுறைக் குழு என்னை விசாரணைக்கு அழைத்தது? மறைக்க நினைப்பவன் அனுப்புவானா? மன்னிப்புக் கேட்கவும் நான் வரவில்லை.

நான் கண்டுபிடித்த சர்க்கரை மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். எலிச் சோதனையே போதாது என்று திருப்பி அனுப்பினீர்கள். சரி, என் உடம்பிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தான் குடிக்கத் துணியாததை ஊரானுக்குக் கொடுக்கிறவன் கோழை. அவனை ஆராய்ச்சியாளன் என்று நான் மதிப்பதில்லை. அன்று நீங்கள் சிரித்தீர்கள்.

"ஒராளை வெச்சு ஒண்ணும் தெளியாது, கேட்டோ கைலாஷ். ஒத்துப்பார்க்க வேறொராள் வேணும்."

நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்தேன். என் முகமே கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. அதே ரத்தம், அதே சமையல், அதே விரதம். எந்த ஆய்வுக்கூடம் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து தரும்? அதை வேறொருவர் உடம்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள். என்னுடையதுதான் அது, இன்னொரு பிரதி.

ஒரு வேளை குடித்தால் அடுத்த ஏகாதசி வரை உடம்பில் நிற்கிற மருந்து. நான் குடித்தேன். அவன் கையிலும் விட்டேன்.

"அண்ணா, தீர்த்தம் என்ன இப்படிக் கசக்கறது?"

"துளசி ஜாஸ்தி. குடிடா."

குடித்தான். பெருமாள் தீர்த்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அப்பா சர்க்கரையில் போனவர் என்பதால், ரத்தம் எடுக்க விரலையும் அவனே நீட்டினான்.

மழைக்காலத்தில் இருவருக்கும் சிறுநீரகம் கெடத் தொடங்குவது ரத்தத்தில் தெரிந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவனுக்கு நிறுத்தவில்லை. நிறுத்திய உடம்பும் நிறுத்தாத உடம்பும் இருந்தால்தானே ஒத்துப்பார்க்க முடியும்? வேறொராள் வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எனக்குச் சரியாகிவிட்டது. அவனுக்கு இப்போது டயாலிசிஸ். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவன் கால் வீக்கத்தைப் பார்க்கும்போது எனக்கே வலிக்கிறது. ஆனால் அந்த மருந்து எப்போது, எந்த அளவில் சிறுநீரகத்தைக் கொல்லும் என்பது இன்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள முதுகெலும்பு வேண்டும்.

நேற்று சுமந்தின் மனைவி பத்மப்ரியா என் அறை வாசலில் வந்து நின்றாள். தீர்த்தத்தைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது.

"அண்ணா, ஒங்க கிட்னின்னா அவருக்கு அப்படியே சேர்ந்துடுமாம். ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானேன்னு டாக்டர் சொல்றார். ஒண்ணு குடுங்கோளேன்."

விவரம் தெரியாமல் கேட்கிறாள் என்பதால் நான் கோபப்படவில்லை. என் பதிலை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். என் உடம்பு என்னுடையது. என் சம்மதம் இல்லாமல் அதில் கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது, கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும்.