எழுத்தில்லாத கட்டை

— அமத்தாதேங்கோ தம்பி. கையை எடுங்கோ.

— அமத்திப் பாக்காம எப்பிடி ஆன்டி வெல செல்ற? இந்தச் சாமான்ட வெலயே சத்தத்துலதானே ஈக்கி. கொட்டாஞ்சேனையிலருந்து ரெண்டு பஸ் மாறி வந்த நான், இதக் கேக்கத்தான்.

— தெரியும். இவர் உள்ளுக்குப் படுத்திருக்கிறார், இப்பதான் கண்ணயர்ந்தவர். கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ. பேர் என்னெண்டு சொன்னனீங்கள், ஸவாஹிரோ?

— ஸவாஹிர். சரி, அமத்தல்ல. மொதல்ல கண்ணால பாப்பம். பெரட்டலாம்தானே?

— பிரட்டுங்கோ. பாரம் கண்டியளே, கவனம்.

— பாரமாத்தான் ஈக்கோணும். உள்ளுக்கு இரும்புத் தகடு. இப்ப வாற கீபோட் எல்லாம் அப்பளம் மாதிரி, கீழ விழுந்தா ரெண்டாப் போகும். இது விழுந்தா ஒங்கட டைல்ஸ்தான் ஒடையும். இந்தா, அடியில லேபல் அழியாம ஈக்கி. எண்பத்தொம்பதாம் வருஷத்துச் சாமான். சும்மா செல்லல்ல ஆன்டி, லேபலோட கெடைக்கிறது மிச்சம் கொறவு. காதுக்குக் கிட்ட வெச்சு ஒருக்காக் குலுக்கிறேன், சத்தம் வராது.

— ஏன் குலுக்கிறியள்?

— உள்ளுக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆணி ஈக்கி. வயசு போனா ஒடஞ்சு உள்ளுக்கே கெடக்கும், குலுக்கினா கிலுகிலுன்னு கேக்கும். இதுல ஒண்டுமில்ல. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு சுருள் கம்பி. அது மடியிறப்பத்தான் அந்த டக்குன்ற சத்தம் வாற. அந்தச் சத்தத்துக்குத்தான் ஆக்கள் பைத்தியமாத் திரியிற. நல்லா வெச்சிருக்கிறாங்க. யார்ட ஆன்டி இது?

— மகன்ரை. பிரியந்தன். அந்தா, அந்தப் படத்திலை நிக்கிறவன்.

— தமிழ் டைப்செட்டிங் செய்றவரா? கட்டையில எல்லாம் தமிழ் எழுத்து ஒட்டி ஈக்கி.

— ஓம். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், ரியூசன் மாஸ்டர்மாற்றை நோட்ஸ். உந்த றோட்டிலை படிச்ச பிள்ளையளிலை பாதிப்பேற்றை நோட்ஸ் இவன் அடிச்சதுதான். எழுத்தெல்லாம் தானே வெட்டி ஒட்டினவன். தம்பி, உதுகளைக் கழட்டி எறிஞ்சுபோடுவியளோ?

— வெளிநாட்டுல இதச் சேக்கிறவங்க வெறுங் கட்டையத்தான் கேப்பாங்க. ஆனா எனக்கு ஒரு ஆள் ஈக்கி, இப்பிடித் தமிழ் எழுத்தோட வந்தாக் கூடத் தருவாரு. அவருக்கே குடுப்பம். மகன் வீட்டுல இல்லயா? ரெண்டு கேள்வி கேக்கோணும். எங்க வாங்கின, தேத்தண்ணி கீத்தண்ணி ஊத்தினதா, அப்பிடி.

— ஏலத்திலை வாங்கினவன். ஆரோ ஒரு கப்பல் கொம்பனிக்காரர் ஒபிசை மூடேக்கை. அது ஒரு பெரிய கதை தம்பி. இவர் இரத்மலானையிலை ஒரு ஃபக்டரியிலை கிளாக்கா இருந்தவர், நாள் முழுக்க ரைப்றைற்றரோடை மாரடிச்ச மனுசன். மகனாவது கதிரையிலை இருந்து கையெழுத்து வைக்கவேணும் எண்டு ஆசை. தெரிஞ்ச ஆக்களைப் பிடிச்சு ஒரு வேலை ஒழுங்குபண்ணி, நேர்முகத்துக்குக் காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கு எண்டு காசும் குடுத்து விட்டார். பெடி சப்பாத்தோடை வரேல்லை. இதைக் காவிக்கொண்டு வந்தான்.

— நேர்முகத்துக்கு?

— போகேல்லை. சப்பாத்துக் காசிலை பழைய இரும்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் எண்டு இவர் இந்த வாசலிலை நிண்டு கத்தினது கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவனும் லேசுப்பட்டவனில்லை. இதின்ரை பெறுமதி அப்பாவுக்கு விளங்காது எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினான். அண்டையோடை ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை.

— அண்டையோடயா? ஒரே வீட்டுலயா?

— ஒரே பிளற் வீடு, ரெண்டே ரெண்டு அறை. 'அவன் சாப்பிட்டானோ?' எண்டு இவர் என்னைக் கேப்பார். 'அப்பாவை மருந்து குடிக்கச் சொல்லுங்கோ' எண்டு அவன் என்னட்டைச் சொல்லுவான். ரெண்டு பேருக்கும் மற்ற ஆளின்ரை குரல் கேக்கும், ஆனா நான் வந்து திருப்பிச் சொன்னாத்தான் கேட்டமாதிரி. வருசக்கணக்கா நான்தான் நடுவிலை தபால்காரி. சரி, விலையைச் சொல்லுங்கோ தம்பி. அதை நான் இவருக்குச் சொல்லவேணும். பெடியன் ஏமாந்துபோய் வாங்கேல்லை எண்டு அவர் அறியவேணும்.

— ஏமாறல்ல ஆன்டி. ஏலத்துல குப்ப மாதிரி நூறு கெடக்கும். அதுக்குள்ள இதக் கண்டு எடுக்கத் தனிக் கண்ணு வேணும். நானா இருந்தாலும் சப்பாத்த உட்டுட்டு இதத்தான் தூக்கியிருப்பேன்.

— இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— என்னத்த?

— சப்பாத்தை விட்டிட்டு எண்டியளே.

— சப்பாத்த உட்டுட்டு இதத்தான் தூக்கியிருப்பேன். அல்லாவுக்காகச் செல்றேன், ஒங்கட மகன் கெட்டிக்காரன். நல்ல வெலயாத் தாறேன், பேரம் பேசிற சாமானில்ல இது. ஆனா ஒவ்வொரு கட்டையையும் அமத்திப் பாத்துட்டுத்தான்.

— அமத்தலாம், கொஞ்சம் பொறுங்கோ. நாலு மணி ஆகட்டும். தம்பி, இதுக்கு மாத்தா எனக்குச் சத்தமே போடாத கீபோட் ஒண்டு தருவியளோ?

— அத சும்மாவே தாறேன். என்ன கொம்பியூட்டர், எப்பிடி வயர் கொழுவிற?

— எதெண்டாலும் பரவாயில்லை. வேலை செய்யாட்டிலும் பரவாயில்லை.

— வேல செய்யாத கீபோட் எதுக்கு ஆன்டி? இந்தா, இந்த வயரும் ஒண்டுலயும் கொழுவி இல்லயே. கொம்பியூட்டர் எங்க?

— அவன்ரை சிநேகிதப் பெடியன் ஒருத்தனுக்குக் குடுத்திட்டன்.

— அப்ப மகன் எதுல வேல செய்ற?

— அந்தப் படத்தை வடிவாப் பாருங்கோ தம்பி.

— பாத்தேன். நல்ல சிரிச்ச மொகம். சும்மா மாட்டியிருக்கிற படம்னுதான்... மால ஒண்டும் இல்லயே ஆன்டி.

— பூ வைக்கேலாது, மணந்திடும். சாம்பிராணி கொழுத்தேலாது. இவரின்ரை கண்ணைச் சீனி வருத்தம் திண்டுபோட்டுது. கண் போனதுக்குப் பிறகு மூக்கும் காதும் அப்பிடி ஒரு கூர்மை. படம் எண்டா மணக்காது, சத்தம் போடாது. அதாலை படத்தை மட்டும் கொழுவியிருக்கிறன்.

— இன்னா லில்லாஹி... அப்ப வாப்பாவுக்குத் தெரியாதா?

— தெரியாது. போன வருசம் இவருக்குக் காலை வெட்டி எடுக்கவெண்டு ஆஸ்பத்திரியிலை. அந்தக் கிழமையே பெடிக்குக் காய்ச்சல். டெங்கு எண்டினம். சும்மா காய்ச்சல்தானே, நீங்கள் அப்பாவைப் பாருங்கோ எண்டு என்னை அனுப்பினவன். நான் இங்கையும் அங்கையுமா ஓடித் திரிய, அவன் போய்ச் சேந்திட்டான். டொக்டர் சொன்னார், இவரின்ரை இருதயம் தாங்காது, இப்ப சொல்லிப்போடாதேங்கோ எண்டு. செத்தவீட்டை இங்கை வைக்காமல் மலர்ச்சாலையிலை வைச்சு, அங்கையிருந்தே கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோச்சினம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி தெகிவளையிலை என்ரை தம்பி வீட்டிலை. நான் முகத்தைக் கழுவிப்போட்டு இவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனன்.

— யா அல்லாஹ். எப்பிடித் தாங்கின நீங்க?

— ஆர் தாங்கினது? நாள் போச்சு, அவ்வளவுதான். வீட்டை கூட்டிக்கொண்டு வந்த அண்டு கேட்டார், அவன் ஒருக்காலும் வந்து பாக்கேல்லையே எண்டு. என்ரை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிச்சுது, 'அவன் உள்ளை வேலை செய்யிறான், உங்களோடை கோவம்' எண்டு. சொன்னாப் பிறகு என்ன செய்யிறது? வந்து கதவைச் சாத்திப்போட்டு இதுக்கு முன்னாலை குந்தியிருந்து தட்டத் துவங்கினன். அண்டு தொட்டு எந்த நாளும் நாலு மணிக்குத் தட்டுறன். கதைக்காத மனுசர்தானே, சத்தம் கேட்டாப் போதும். அந்தக் கோவமும் கடைசியிலை எனக்கொரு உதவிதான்.

— அவரு ஒண்டும் கேக்கிறல்லயா?

— முந்தி ஒருநாள் தப்பாமல் கேப்பார், அவன் சாப்பிட்டானோ எண்டு. ஆஸ்பத்திரியாலை வந்தாப் பிறகு அதையும் விட்டிட்டார். கோவம் முத்திப்போச்சு எண்டு நினைச்சன். எனக்கும் நல்லதாப் போச்சு. அந்தக் கேள்விக்கு நான் எப்பிடிப் பொய் சொல்லுறது?

— செல்லிடுங்க ஆன்டி. எப்பயாவது ஒருநாள் செல்லத்தானே வேணும்?

— சொன்னா அவருக்குப் பிள்ளை அண்டைக்குத்தான் சாவான் தம்பி. அதை நான் இருந்து பாக்கவேணும். ரெண்டாந்தரமும் பாக்க என்னாலை ஏலாது. அதோடை, அவர் அவனுக்குக் கடைசியாச் சொன்னது பழைய இரும்பு எண்டுதான். அதோடை விட்டா மனுசன் வெந்து செத்துப்போம். முதலிலை விலையைச் சொல்லுவம். உங்கடை மகன் வாங்கினது தங்கம், தேடி வந்து வாங்கிக்கொண்டு போகினம் எண்டு சொல்லுவம். மற்றது பிறகு.

— நீங்க டைப் பண்ணத் தெரிஞ்ச ஆளா?

— எனக்கென்ன தெரியும். எழுத்துத் தெரியும். அவன் ஒட்டின எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவன். சாப்பிட்டியோ, தலை துடைச்சனியோ, ஏன் ராசா காய்ச்சலை எனக்கு ஒளிச்சனி, இப்பிடி ஏதாவது. அவனோடை கதைக்கிறதுதான்.

— அதான் நான் யோசிச்ச. மத்தக் கட்டையெல்லாம் தொடச்சு வெச்ச மாதிரி, இந்த நீளக் கட்ட மட்டும் தூசி பிடிச்சு ஈக்கி.

— உதோ? உதிலை எழுத்து ஒண்டும் இல்லையே. அதாலை நான் தொடுறேல்லை.

— எழுத்து இல்லதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல எடம் உடுற கட்ட அது. டைப் பண்ற ஆள் கூட அடிக்கிறது அதத்தான். பாருங்க, வலப்பக்கம் தேஞ்சு மினுங்குது. மகன்ட பெருவெரல் பட்ட எடம்.

— எங்கை? இதிலையோ?

— கொஞ்சம் இங்கால. ஆ, அந்த எடம்.

— ஓம், வழுவழுப்பாக் கிடக்குது. ஒரு வருசமா இதைப் பாக்காமல் இருந்திட்டன். அப்ப நான் அவனோடை கதைச்சதெல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லோ?

— ஒரே சொல்லுதான் ஆன்டி.

— சரி. அவனுக்கு விளங்கியிருக்கும்.

— ஆன்டி, இத வெச்சிருங்களேன். நான் போறேன். இத எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வருதில்ல.

— இல்லைத் தம்பி, கொண்டுபோங்கோ. என்ரை விரலைப் பாருங்கோ. சிக்குன்குனியா வந்து போனது, மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்குது. கரண்டி பிடிக்கேலாது. ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர் போகுது. போன வெள்ளிக்கிழமை விரலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டுதான் முனகினன். அந்த நேரம் பாத்து இவர் கூப்பிட்டுச் சொல்லுறார், 'அவனிட்டைச் சொல்லு, உந்தச் சத்தம் போடுறதை வித்துப்போட்டுச் சத்தமில்லாத ஒண்டு வாங்கச் சொல்லி. எனக்கு நித்திரை கொள்ளேலாமல் கிடக்குது' எண்டு.

— அவரா செல்லின?

— அவர்தான். முருகன் இறங்கி வந்து சொன்ன மாதிரி இருந்துது எனக்கு. சத்தமில்லாதது எண்டா நான் தட்டத் தேவையில்லை. உள்ளை வேலை செய்யிறான் எண்டு சொன்னாப் போதும்.

— வெளங்குது ஆன்டி.

— தண்டவாளத்திலை கோச்சி போற சத்தம் கேக்குது, நாலு மணிதான். இனி அமத்தலாம், அவன் தட்டுற நேரம். தம்பி, ஒரு உதவி. ஒவ்வொண்டா அமத்தாதேங்கோ. அவனை மாதிரி வேகமா ஒருக்கா அடியுங்கோ. நான் தட்டுறது ஒரு தட்டலே இல்லை, கோழி கொத்துற மாதிரி. இது என்ரை வீட்டை விட்டுப் போக முன்னம் ஒருக்கா அதைக் கேக்கவேணும்.

— அடிக்கிறேன். என்ன அடிக்க?

— 'அப்பாவை மருந்து குடிக்கச் சொல்லுங்கோ' எண்டு அடியுங்கோ.

— தமிழுல எனக்குக் கை அவ்வளவு ஓடாது. தெரிஞ்ச மாதிரி அடிக்கிறேன். நீங்க அந்தக் கதிரயில இருங்க.

— நிக்கிறன். அடியுங்கோ.

— சத்தம் கூடவா?

— நிப்பாட்டாதேங்கோ. அவன்தான். அப்பிடியே அவன்தான். கதவுக்கு வெளியிலை தேத்தண்ணியோடை நிண்டு கேட்ட சத்தம் இதுதான். இன்னும் கொஞ்சம் அடியுங்கோ ராசா, இன்னும் கொஞ்சம்.

— இஞ்சேர், பாலேஸ்.

— கொஞ்சம் நிப்பாட்டுங்கோ தம்பி, இவர் கூப்பிடுறார். ஓமப்பா, எழும்பிட்டியளோ?

— ஆர் அங்கை வந்திருக்கிறது?

— ஒருத்தரும் வரேல்லை. பிரியந்தன்தான். வேலை செய்யிறான்.

— வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தனியே?

— என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள், பிரியந்தன்தான் எண்டு சொல்லுறன்.

— பாலேஸ், எங்கடை பிள்ளை செத்துப்போனாப் பிறகு இண்டைக்குத்தான் உந்த நீளக் கட்டைச் சத்தம் கேக்குது. நீ ஒருநாளும் அதை அமத்தினதில்லை.