கூலி போடாத கொட்டேஷன்

ஐயோ இல்ல மேஸ்திரி, நீங்க தலைகீழா எடுத்துக்கிட்டீங்க. அதிகமாக் கேக்குறாருன்னு நான் எப்போ சொன்னேன்? குறைச்சலாக் கேக்குறாரு. அதுதான் என் வழக்கே. சிரிங்க, சிரிங்க. முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிறீங்க, பெயிண்டர் கம்மியாக் கேட்டுட்டாருன்னு ஒருத்தி புகார் சொல்றதை இப்போதான் கேக்குறீங்கன்னா, சரி, இன்னைக்குக் கேட்டுக்கங்க.

டேப்போட அந்த முனையை ஜன்னல் பக்கம் வைங்க, இதை நான் பிடிச்சுக்கறேன். பேசிக்கிட்டே அளந்துடலாம். நேரமில்ல. பன்னெண்டு மணிக்கு அம்மா வந்துடுவாங்க. ஓரெஸ்தேயும் கூட வருவாரு, அவருதான் அந்தப் பெயிண்டர். எங்க ஊர்ல பேப்பரு, கையெழுத்தெல்லாம் ஒப்புக்குத்தான். ரெண்டு பேர் கையைக் குலுக்கிட்டா பேசி முடிஞ்சாச்சு. அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் மாறாது. அதனால அவங்க கை குலுக்குறதுக்கு முன்னாடி நியாயமான தொகை ஒண்ணு எழுத்துல என் கையில இருக்கணும். இன்னொரு பெயிண்டர் எழுதினதா இருக்கணும். அதுக்குத்தான் உங்களை மலைக்கு அந்தாண்டையிலேர்ந்து வரவழைச்சேன். இந்தாண்டை இருக்கிறவங்க ஓரெஸ்தே பேரைச் சொன்னாலே அவசரமா வேற வேலை வந்துட்ட மாதிரி கிளம்பிடுறாங்க.

இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க. அவர் கையெழுத்துதான். சுவரும் மேல்தளமும் சேர்த்து இருநூத்தி எழுபத்தெட்டு சதுர மீட்டர். ப்ரைமர் ஒரு கோட், பெயிண்ட் ரெண்டு கோட். பெயிண்ட் பேரைப் பாத்தீங்களா? ஆமா, சுவர் மூச்சு விடணும்னு சுண்ணாம்புல செய்யறாங்களே, அந்த உசத்தி சரக்குதான். எல்லாம் சேர்த்து சாமானுக்கு அறுநூத்தித் தொண்ணூறு யூரோ. அதுக்குக் கீழ கூலின்னு எழுதி, எதிர்ல ஒரு கோடு கிழிச்சிருக்காரு. சைபர் கூட இல்ல. வெறும் கோடு.

என்ன, அளவு இடிக்குதா? எனக்கும் இடிச்சுது. ஜன்னல் கதவையெல்லாம் கழிச்சிருக்காரு மேஸ்திரி! உலகத்துல எந்தப் பெயிண்டராவது ஜன்னலைக் கழிச்சுப் பாத்திருக்கீங்களா? நீங்க கழிப்பீங்களா? மாட்டீங்க. ஓட்டையையும் சுவராத்தான் எண்ணுவீங்க. காலேஜ்ல சேர்ந்த புதுசுல இதுக்காக நானே இவர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். இல்லாத சுவருக்குக் காசு வாங்குறீங்களே, இது பகல்கொள்ளை இல்லையான்னு கேட்டேன். மனுஷன் கோவமே படல. பிரஷை என் கையில குடுத்து, இந்த ஜன்னல் விளிம்பை மட்டும் அடிச்சுக் காட்டு டாக்டரம்மான்னாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. கண்ணாடி, கை, தலைமுடி, எல்லா இடத்துலயும் பெயிண்ட். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, ஓட்டையைச் சுத்திதான் உங்களுக்கு வேலையேன்னு. அப்படிச் சொல்லிக் குடுத்த ஆளே இங்க அதையும் விட்டுக் குடுத்திருக்காரு. ஏன்?

இல்லல்ல, டாக்டரம்மாங்கிறது கிண்டல்தான். அப்போ பட்டம் கூட வாங்கல. இப்போ ஆராய்ச்சி பண்றேன், நகரத்துல. பொருளாதாரம். விலை எப்படி உருவாகுதுன்னு. ஆமா, நல்லாத்தான் இருக்கு, முன்னூறு பக்கம் எழுதியிருக்கேன், இந்த ஒரு தாளுக்கு எனக்குப் பதில் தெரியல.

முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? பெயிண்ட்ல தண்ணியை ஊத்தி ஒரே கோட்டுல ஒப்பேத்தப் போறாருன்னு. நேரா கடைக்குப் போய் விசாரிச்சேன். அவரு ஏற்கெனவே நாலு டப்பா எடுத்து, காசும் கட்டிட்டாராம். தள்ளுபடி கூட எங்க பேருக்குப் போட்டிருக்காரு. சரி, பூச்சு காயறதுக்குள்ள அடிச்சுட்டு ஓடிடுவாரோன்னு பாத்தா, கீழ குறிப்பு எழுதியிருக்காரு பாருங்க: பூச்சு முடிஞ்சு முப்பது நாள் ஆகாம பிரஷ் வைக்க மாட்டேன்னு. திருடன் எழுதுற கொட்டேஷனா இது?

எங்க போறீங்க? நில்லுங்க. இன்னும் ரெண்டு ரூம் இருக்கு.

இதோ பாருங்க மேஸ்திரி, இன்னொருத்தர் பேசின வேலைக்கு விலை சொல்றது உங்க தொழில்ல மரியாதை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அவர் வேலையைப் பிடுங்கச் சொல்லலையே? வேலை அவருக்குத்தான். கூலியும் அவருக்குத்தான். சக தொழிலாளி ஒருத்தர் ரெண்டு வாரம் ஓசியில உழைக்கப் போறாரு, அதைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டுப் போறதுதான் மரியாதையா? அதையும் சொல்லிட்டுப் போங்க.

ம். உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காரலாம், டைல்ஸ்தான் இருக்கு, உடையாது. காபி இந்த ஃப்ளாஸ்க்ல இருக்கு.

சொந்தக்காரரா? இல்ல. அம்மா மேல ஆசையா? அட, உங்க புத்தி போற போக்கைப் பாரு! இதை முதல்ல கேட்டது எங்க சித்தி, ரெண்டாவது நீங்க. அவருக்கு எழுபது வயசு. அம்மாவைப் பாக்கும்போது தொப்பியைக் கழட்டிட்டுத் தரையைப் பாக்குற ஆளு.

அம்மா என்ன சொல்றாங்களா? வாங்கிக்கோன்னு சொல்றாங்க. குடுக்கணும்னு நினைக்கிறான், குடுத்துட்டுப் போகட்டும், அவன் மனசு ஆறும்னு சொல்றாங்க. நிலநடுக்கத்துக்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த அந்த மரப்பெட்டி வீட்டுல அஞ்சு வருஷம் குளிர்ல கிடந்தாச்சு மேஸ்திரி. ரோம்லேர்ந்து வந்த ஆபீசருங்க ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அடுத்த கிறிஸ்மஸ் புது வீட்டுலன்னு சொல்லிட்டுப் போனாங்க. கடைசியா சுவரு வந்துது, கூரை வந்துது, உள்ளே பெயிண்ட் மட்டும் எங்க செலவு. அம்மாவோட பென்ஷன்ல அறுநூத்தித் தொண்ணூறு முடியும், அதுக்கு மேல முடியாது. மிச்சத்தை நான் குடுக்கறேன்னா, ஓசியில வர்றதுக்கு நீ ஏண்டி காசு கட்டுறேங்கிறாங்க.

ஓ. அப்போ நீங்களும் கேள்விப்பட்டிருக்கீங்க. மலை தாண்டியும் வந்துடுச்சா அந்தக் கதை. என்ன சொல்லிக்கிறாங்க அங்க? சொல்லுங்க, நான் ஒண்ணும் அழமாட்டேன்.

ம். ஆமா. அந்த வீடு எங்க வீடுதான். செத்தது எங்க அப்பா. அம்மா அன்னைக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தாங்க, நான் நகரத்துல இருந்தேன். ஊர்ல மொத்தம் நாலு பேரு போனாங்க. மத்த மூணு பேரும் கிழக்கு வரிசை, அதெல்லாம் கருங்கல்லை மண்ணுல அடுக்கின வீடு, நின்னிருந்தாத்தான் அதிசயம். எங்களுது மட்டும்தான் நடு வரிசையில விழுந்துது.

விரிசல் இருந்துது, அதை ஓரெஸ்தே மூடினாரு. அதுவும் உண்மைதான். மாடிப்படி பக்கத்துச் சுவர்ல இருந்துது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சின்னச் சின்னதா ஆட்டம் வந்துக்கிட்டே இருந்துதே, நினைவிருக்கா? அதுல விழுந்த விரிசல். நிலநடுக்கம் முடிஞ்சப்புறம் விசாரணைக்கு வந்தவங்க இவர்கிட்ட கேட்டாங்க, யார் சொல்லி மூடினேன்னு. வீட்டுக்காரங்க சொன்னாங்க, செஞ்சேன். அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. கேஸ் நிக்கல, ஆனா ஊரு தீர்ப்பு எழுதிடுச்சு. அன்னைலேர்ந்து யாரும் அவரை வீட்டுக்குள்ள கூப்பிடறதில்ல. கல்லறைத் தோட்டத்துக் கிராதிக்கு பெயிண்ட் அடிக்கிறாரு, ரோட்டுல கோடு போடறாரு. நாப்பது வருஷம் இந்த ஊர்ல ஒவ்வொரு கல்யாண வீட்டுச் சுவரையும் அடிச்ச மனுஷன்.

அப்பாவையும் விடல. இஞ்சினியருக்குக் குடுக்கக் காசில்லாம பெயிண்டரைக் கூப்பிட்டான் கஞ்சன்னு பேசுறாங்க. அம்மாவே சொல்லுவாங்க, கல்லறையில பூ வைக்கும்போதே சொல்லுவாங்க, நீ உன் தலையில நீயே சுவரை இழுத்துப் போட்டுக்கிட்டேன்னு.

இல்ல மேஸ்திரி, அதையெல்லாம் நானும் வாதாடிப் பாத்துட்டேன். மூடினாலும் மூடாட்டியும் சுவரு விழுந்திருக்கும். பெயிண்ட் சுவரை இடிக்காது. இஞ்சினியர் ரிப்போர்ட்லயே இருக்கு, பதினோராம் பக்கம். ஆனா கேள்வி சுவரைப் பத்தி இல்லையே. உள்ள ஆள் படுத்திருந்தாரே, அதைப் பத்தி. எங்க ஊர்ல பென்சிலால குறி போடுவாங்க, உங்க பக்கமும் உண்டா? விரிசல் எங்க முடியுதோ அங்க குறுக்கா ஒரு கோடு, பக்கத்துல தேதி. அதைத் தாண்டி வளந்துச்சுன்னா, கம்பளியை எடுத்துக்கிட்டு கார்ல போய்ப் படுத்துடணும். அப்பாவும் போட்டிருந்தாரு. ஜனவரி ஒன்பது, பிப்ரவரி ரெண்டு, பிப்ரவரி இருபது. தினம் காலையில காபியோட போய்ப் பாப்பாரு. அந்தக் கடைசி வாரம் குறி போட்ட வீட்டுக்காரங்க பாதிப் பேரு கார்லதான் தூங்கினாங்க. அப்பா கட்டில்ல தூங்கினாரு. பாக்குறதுக்குச் சுவர்ல ஒண்ணும் இல்ல. வெள்ளையா, சுத்தமா இருந்துது.

தொகையைச் சொல்லுங்க. ஓட்டையைக் கழிக்காம முன்னூத்திப் பத்து மீட்டர் வருதா? மீட்டருக்கு ஆறு யூரோ கூலின்னு வச்சா? ஆயிரத்து எண்ணூத்தி அறுபது. அது நியாயமா? கூடவும் வேணாம், குறையவும் வேணாம். சரி, அதையே எழுதுங்க.

ஏன் எழுத மாட்டேங்கிறீங்க? அவர் விருப்பப்பட்டுச் செய்யறாரு, பரிகாரம் மாதிரி, அதைத் தடுக்க நீ யாருங்கிறீங்க. நல்ல கேள்விதான். தப்பு பண்ணவர் பரிகாரம் செஞ்சா நான் குறுக்க நிக்க மாட்டேன் மேஸ்திரி, வழிவிட்டு ஒதுங்கி நின்னிருப்பேன்.

அவர் அன்னைக்கு மாட்டேன்னுதான் சொன்னாரு. முதல்ல இஞ்சினியர் வந்து பாக்கட்டும், அப்புறம் பூசலாம்னாரு. பென்சில் குறியைக் காட்டி, இதை அழிக்கக் கூடாதும்மா, உங்கப்பா போட்டதுன்னாரு. நான்தான் கேக்கல. மறுநாள் எனக்குப் பட்டமளிப்பு விருந்து. அறுபது பேரு வர்றாங்க, எங்க வீட்டுலயே முதல் பட்டம் என்னுது. பட்டம் வாங்கினவங்க வைக்கிற இலை வளையத்தைத் தலையில வச்சுக்கிட்டு மாடிப்படியில நின்னு ஃபோட்டோ எடுக்கணும், பின்னால இந்தக் கோரம் தெரியணுமான்னு கேட்டேன். கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். நீங்க வெறும் பெயிண்டர்தானே, சொன்ன வேலையைச் செய்யுங்கன்னு கூடச் சொன்னேன். நாப்பது யூரோவைக் கையில திணிச்சேன்.

அப்பா சாயங்காலம் வந்து சுவரைப் பாத்தாரு. அம்மா சமையக்கட்டுலேர்ந்து, யாரு இந்த வேலையைப் பண்ணச் சொன்னதுன்னு கத்தினாங்க. அப்பா என்னைப் பாத்துக்கிட்டே, நான்தான் சொன்னேன், பொண்ணு விருந்தாச்சேன்னாரு. விருந்து முடிஞ்சப்புறம் சுரண்டிப் பாத்துக்கலாம்னு என் காதுல மட்டும் சொன்னாரு. நிலநடுக்கம் வர்றதுக்குள்ள பதினோரு நாள் இருந்துது அதுக்கு. அவரும் மறந்துட்டாரு, நானும் ஞாபகப்படுத்தல.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவரும் அஞ்சு வருஷமா வாயைத் திறக்கல. இப்போ கூலியையும் வேணாங்கிறாரு.

கார் சத்தம் கேக்குதில்ல? அவங்கதான். எழுதுங்க மேஸ்திரி, சீக்கிரம். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. சும்மா செய்யறேங்கிற ஆளுக்கு எதுக்குடி இவ்வளவுன்னு அம்மா கேப்பாங்க. கேக்கட்டும், அன்னைக்கு யாரு மூடச் சொன்னதுன்னு அவரை வச்சுக்கிட்டே சொல்லிடறேன். நீங்க மட்டும் உடனே போயிடாதீங்க. ஒண்ணும் பேச வேணாம், அந்தக் கதவுகிட்ட நில்லுங்க, போதும்.