விளையாட்டு ரயில் பாக்கப் போன ஆள்

சுதன், தம்பி, நாட்டில சண்டை முடிஞ்ச பிறகு ஒருநாள் வாழைச்சேனை பஸ்ஸில கேட்டத உனக்குச் சொல்றன். முன் சீட்டில சுவிஸ் நாட்டால வந்த ஒரு ஆளும் அவர்ர மச்சானும் இருந்தாங்க.

"நாடு நாடாப் போய் விளையாட்டு ரயில் தேடிப் பாக்கிறியாமே? உனக்கென்ன வயசுகா?" எண்டு மச்சான் பகிடி பண்ணினார்.

"மகனுக்கு ரயில் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே மச்சான் வெளிநாடு போனன். ஜேர்மனியில ஒரு மண்டபம் முழுக்க சின்ன ரயில் ஓடுது. மலை, ஊர், கடல் எல்லாம் செஞ்சி வெச்சிரிக்காங்க. கடக்கரையில நகத்தளவு பொம்மைச் சனம் நிக்கிது."

"பிறகு?"

"கைய விட்டு அதுகள எல்லாம் எடுத்து மலையில வெச்சன். காவலுக்கு நிண்டவன் பிடிச்சி வெளிய விட்டுட்டான்."

"விசரா உனக்கு?"

"சுனாமி வந்த அண்டைக்கு என்ர புள்ள கடக்கரையில தனிய நிண்டான். நான் இஞ்ச இல்லையே மச்சான்."

நீயும் அண்டைக்கு கடக்கரையிலதானே நிண்டாய், தம்பி.

சுனாமி நினைவு நாளுக்கு இஞ்ச வந்திரிக்கிற எல்லாரும் அந்தப் பொடியனையும் என்ர சுதனையும் நினைச்சி ஒருக்கா கும்புடுங்க.